டாக்டர் ஓட்டின வண்டி

திண்டுக்கல்லில் என்னைப் பார்க்கிறவர்கள் "சௌக்கியமா?" என்று கேட்பதில்லை. "வண்டி எப்படி இருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்கும்போது குரல் தானாக ஒரு படி இறங்கிவிடுகிறது. ஆஸ்பத்திரியில் நாள்பட்டுக் கிடக்கும் பெரியவரைப் பற்றி அவர் மகனிடம் விசாரிக்கிற குரல். நானும் அதற்குத் தகுந்தாற்போல, "முந்தாநாள் கொஞ்சம் சூடு ஏறிருச்சு. இப்பத் தேவலை" என்று சொல்லிவிட்டு நகர்வேன்.

வண்டிக்கு வயது இருபத்தேழு. 1998 மாடல், கார்புரேட்டர் வைத்த சின்ன பெட்ரோல் கார். டிஎன் 57 என்று தொடங்கும் நம்பர். நிறம் வெள்ளை என்று ஆர்.சி. புத்தகம் சொல்கிறது, நான் மறுப்பதில்லை. எந்தக் கம்பெனி என்று மட்டும் சொல்ல மாட்டேன். இத்தனை வருடம் கழித்து அவர்களைக் குறை சொல்வது, எழுபது வயதில் முட்டி வலிக்கிறது என்று பிரசவம் பார்த்த மருத்துவச்சி வீட்டுக்குச் சண்டைக்குப் போவது மாதிரி.

2005-ல் வாங்கினேன். புரோக்கர் வாயைத் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "டாக்டர் ஓட்டின வண்டி சார். சிங்கிள் ஓனர்." தமிழ்நாட்டில் பழைய கார் வாங்கப் போன எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள். கைமாறுகிற கார்களையெல்லாம் ஓட்டியது டாக்டர்கள்தான் என்றால், பாவம், அவர்களுக்கு வைத்தியம் பார்க்க நேரமே இருந்திருக்காது. எந்த டாக்டர் என்று கேட்டேன். "அவரு இப்ப இல்லைங்க சார்" என்றார். ஊரிலா, உலகத்திலா என்று துருவிக் கேட்பது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டேன். பேரம் பேசி 78,000 ரூபாய்க்கு முடித்தோம்.

வாங்கி ஒரு வாரம் கழித்துப் பின்சீட்டைத் தூக்கிப் பெருக்கியபோது உண்மை வெளியே வந்தது. காய்ந்த அகத்திக் கொத்து ஒன்று, ஒரு முழம் தாம்புக்கயிறு, கைப்பிடி அளவு ஆட்டுப் புழுக்கை. புரோக்கர் பொய் சொல்லவில்லை. டாக்டர்தான், கால்நடை டாக்டர். இன்றைக்கும் மழை பெய்து கண்ணாடியை ஏற்றிவிட்டால், வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். சீட் உறை மூன்று முறை மாற்றியாகிவிட்டது. வாசம் ஒரிஜினல். அது மட்டும் டூப்ளிகேட் ஆகவில்லை.

காலையில் அதை எழுப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. சோக்கை முழுசாக இழுக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை இரண்டு மிதி மிதிக்க வேண்டும். மூன்றாவது மிதித்தால் பெட்ரோல் அடைத்துக்கொள்ளும். அப்புறம் அரைமணி நேரம் பேப்பர் படிக்கலாம். இரண்டு மிதித்த பிறகு சாவியைத் திருப்பினால் ஒரு செருமல், ஒரு இருமல், ஒரு பெருமூச்சு. மூன்றாவது தடவை பிடித்துக்கொள்ளும். சோக் என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடவும் காற்று குறைவாகவும் போகவேண்டும். காற்று வழியைக் கொஞ்ச நேரம் மூடிவைக்கிற குமிழ் அது. எங்கள் வீட்டம்மா அதைக் கைப்பை மாட்டுகிற கொக்கி என்றே பல வருடம் நினைத்திருந்தார். ஒருநாள் பையின் பாரத்தில் சோக் இழுத்தபடியே மதுரை வரை போய்த் திரும்பினோம். லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கொடுத்தது. பைக்குள் அப்படி என்னதான் இருந்தது என்று நான் இதுவரை கேட்கவில்லை.

எங்கள் மெக்கானிக் அண்ணனுக்குப் பட்டறை என்று ஒன்று கிடையாது. திருச்சி ரோட்டை ஒட்டி ஒரு வேப்பமரம், அதன் கீழே ஒரு தகரக் கொட்டகை, ஒரு பொடியன். தொழில் கற்றது அம்பாசடரில். அம்பாசடர் என்றால் இன்றைக்கும் எழுந்து நின்று பேசுவார். "பானட்டுக்குள்ளயே இறங்கி நின்னுக்கிட்டு வேலை பார்க்கலாம் சார். மழை வந்தா மூடிக்கலாம்." மேற்கு வங்கத்து உத்தர்பாராவில், இங்கிலாந்துக்காரன் கைவிட்ட மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் அச்சை வாங்கி வந்து 1950-களின் கடைசியில் ஆரம்பித்த வண்டி, 2014 மே மாதம்தான் உற்பத்தி நின்றது. அதற்கு அடுத்து அவர் கை வைத்தது ஃபியட். 1974-லிருந்து அதற்குப் பத்மினி என்று பெயர். அதற்கு முன்னால் பிரசிடெண்ட். ஜனாதிபதியாக இருந்தவர் பத்மினியானதை நம் ஊர் கண்டுகொள்ளவே இல்லை. கடைசிவரை ஃபியட் என்றே கூப்பிட்டது. நம்ம வண்டலூரில் பிறந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டையும் அண்ணன் இரண்டொரு தடவை பிரித்து மாட்டியிருக்கிறார். அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் மௌனமாகிவிடுவார். ஏதோ நடந்திருக்கிறது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது, மூன்று சிலிண்டரில் ஒரு காரா என்று அண்ணனின் குருநாதர் சிரித்தாராம். "ஒரு சிலிண்டரைக் களவாண்டுட்டாய்ங்க" என்றாராம். அந்தக் காரும் முப்பது வருடம் ஓடிவிட்டு, அம்பாசடர் நின்ற அதே 2014-ல்தான் நின்றது. மும்பையில் பத்மினி டாக்சிகளுக்கு இருபது வருடக் கெடு. கடைசியாகப் பதிவான வண்டி 2023 அக்டோபர் முடிவில் வீட்டுக்குப் போனது. செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு அண்ணன் அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் வேலை பார்க்கவில்லை. பொடியனுக்கு அரைநாள் லீவு. அவனுக்குப் பத்மினி என்றால் யாரென்றே தெரியாது. காரும் தெரியாது, நடிகையும் தெரியாது.

அண்ணன் வண்டியைக் கேட்பார், பார்ப்பது அப்புறம்தான். முழ நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடுகிற எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு "மூச்சை இழுத்து விடுங்க" என்பது போல, பொடியனிடம் "ஆக்சிலேட்டரைக் குடுறா" என்பார். அப்புறம் தீர்ப்பு. "டேப்பட் அடிக்குது. வால்வு கேப் பார்க்கணும்." சரியாக இருக்கும். ஒரே ஒரு தடவைதான் தப்பாகப் போனது. கடகடவென்று ஏதோ பேரிங் போய்விட்டது என்று எஞ்சினைப் பாதி பிரித்துவிட்டார். கடைசியில் அது டேஷ்போர்டு டப்பாவுக்குள் உருண்டுகொண்டிருந்த ஒரு பாக்கெட் சூட மிட்டாய்.

அவர் சொன்னதில் எனக்கு உருப்படியாகப் புரிந்தது ஒன்று. பழைய வண்டியைக் கெடுப்பது ஓட்டம் இல்லை, நிறுத்தி வைப்பதுதான். ரப்பருக்கு மைல்கல் தெரியாது, காலண்டர்தான் தெரியும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் பெல்ட் காயும், ஹோஸ் வெடிக்கும், டயர் இறுகும். டயரின் பக்கவாட்டில் நான்கு எண் அச்சிட்டிருப்பதை அவர்தான் காட்டினார். 2319 என்றிருந்தால் 2019-ம் வருடம் இருபத்து மூன்றாவது வாரத்தில் பிறந்தது. அதைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. கல்யாண வீட்டுக்குப் போனால் மண்டபத்து வாசலில் குனிந்து, வந்த கார்களின் ஜாதகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார். ஓட்டுகிறோமோ இல்லையோ, வாரத்துக்கு ஒருநாள் அதைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்ற வேண்டும். கொரோனா காலத்தில் ஓட்டாமல் வைத்திருந்த மூன்று மாதத்தில் எலி குடிவந்து ஒயரைத் தின்றது. அதிலும் ஹாரன் ஒயரை மட்டும் தொடவில்லை. புத்தியுள்ள எலி, ஆபத்துக்கு உதவும் என்று விட்டு வைத்திருக்கிறது.

இனி, தண்ணீருக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்த் தண்ணீர் இரண்டு வகை: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. நல்ல தண்ணி ஆத்தூர் காமராசர் அணையிலிருந்து குழாயில் வருவது. உப்புத் தண்ணி, வீட்டுக்கு வீடு போட்டிருக்கும் போர்வெல்லில் வருவது. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, பாத்திரத்தில் காய்ச்சினால் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படியும். வேறு ஊரில் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று கேட்பார்கள். இங்கே பெண் கொடுத்தவர்கள் நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருதரம் வரும் என்றும் கேட்டார்கள். எங்கள் வீட்டில் நல்ல தண்ணிக் குடங்களுக்கு வீட்டம்மாதான் பொக்கிஷதாரர். குடிக்க, சமைக்க, காபி போட. அதற்கு மேல் ஒரு சொட்டுக்கும் மனுப் போட வேண்டும்.

ரேடியேட்டர் என்பது அடிப்படையில் ஒரு சமையல் பாத்திரம். எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு வரும் தண்ணீர், தீக்குச்சி நுழைகிற அளவே சந்துள்ள குழாய்கள் வழியாக இறங்கி ஆறிவிட்டுத் திரும்பிப் போகும். அதில் ஐந்தாறு வருடம் நான் உப்புத் தண்ணியை ஊற்றினேன். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சூடுபட்டால் பிரிந்து ஒட்டிக்கொள்ளும். அண்டாவின் அடியில் படிவதை நாரை வைத்துத் தேய்க்கலாம். ரேடியேட்டருக்குள் யார் கையை விடுவது?

முதல் அறிகுறி டெம்பரேச்சர் ஊசி. செம்பட்டி வழியாக வத்தலக்குண்டு போகும் ரோட்டில், சரியாக ஒரு புளியமரத்து டீக்கடை வரும்போது ஊசி சிவப்பைத் தொடும். பானட்டிலிருந்து ஆவி கிளம்பும். கடைக்காரத் தம்பி ஒரு பழைய ஆயில் கேனில் தண்ணீரோடு ஓடி வருவான். அரைமணி நேரம் ஆறவிட்டு, துணியைப் போட்டு மூடியை மெதுவாகத் திருகி, தண்ணீர் ஊற்றி, இரண்டு டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் கொடைக்கானல் அடிவாரம் வரை தாங்கும். அவசரப்பட்டு மூடியைத் திறந்த ஒருநாள் வெந்நீர் முகத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் சீறிக்கொண்டு போயிற்று. அன்றிலிருந்து மூடியைத் திறப்பது தம்பி. டீ குடிப்பது நான்.

கத்திரி வெயிலில் அந்த டீக்கடை வரைக்கும்கூடத் தாங்காது. அதற்கு அண்ணன் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். ஹீட்டரைப் போட்டுவிட வேண்டும். எஞ்சினின் சூடு கொஞ்சம் வண்டிக்குள்ளே வந்துவிடும், ஊசி இறங்கும். ஆக, சித்திரை மாதத்து மத்தியானத்தில் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஹீட்டர் போட்டுக்கொண்டு போன ஒரே திண்டுக்கல்காரன் நான்தான். வீட்டம்மா பக்கத்தில் முந்தானையால் விசிறிக்கொண்டு, "என்னங்க, எஞ்சினுக்கு முடியலைன்னா நாம வேகணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எஞ்சின் இறக்கினால் 25,000 ரூபாய் என்று சொன்னேன். அப்புறம் அவர் விசிறிக்கொண்டே வந்தார்.

"நல்ல தண்ணி ஊத்துங்க சார். இல்லைன்னா கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊத்துங்க" என்றார் அண்ணன். கூலண்டைக் கணக்குப் பார்த்தேன். நல்ல தண்ணிதான் மலிவு என்று தோன்றியது. ஒரு விடியற்காலையில், வீட்டம்மா கோலம் போடுகிற நேரமாகப் பார்த்து ஒரு குடத்தை அலுங்காமல் தூக்கிக்கொண்டு போய் ஊற்றினேன். மத்தியானம் சாம்பாருக்குத் தண்ணீர் குறைந்தது. விசாரணை நடந்தது. கார்போர்ட்டில் சிந்தியிருந்த ஈரத்தை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்ல தண்ணி" என்றார் வீட்டம்மா. அப்பேர்ப்பட்ட துப்பறிவாளரிடம் நான் பொய் சொல்லவில்லை. மறுநாளே கூலண்ட் வாங்கினேன்.

ஆனால் படிந்தது படிந்ததுதான். ரேடியேட்டரைக் கழற்றி, அதற்கென்றே இருக்கிற ஆளிடம் கொண்டுபோனோம். பித்தளைத் தொட்டியின் ஈயப் பற்றைச் சூடுகாட்டி இளக்கிப் பிரித்து, உள்ளே இருந்ததைத் தட்டி ஒரு காகிதத்தில் கொட்டிக் காட்டினாப்ல. கெட்டி வெள்ளைச் செதில். "வெத்தலைக்கு ஆகும், வீட்டுக்குக் கொண்டுபோறீங்களா சார்?" என்றாப்ல. ஒவ்வொரு சந்துக்குள்ளும் தட்டைக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து, மறுபடி ஈயம் வைத்துக் கொடுத்தாப்ல. ஊசி அன்றைக்கு நடுவில் போய் உட்கார்ந்ததுதான். அப்புறம் ஏறவே இல்லை. இந்த ஊரில் இருபது வருடம் இருந்தும் இவ்வளவு தாமதமாகச் செய்ததற்கு என்னைத் தவிர யாரையும் குறை சொல்ல முடியாது. சொல்லிப் பார்த்தேன், யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

பூட்டு விஷயம் இதைவிட மோசம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். கையால் அடித்து, கையால் ராவிச் செய்வது. ஒரு பூட்டின் சாவி இன்னொரு பூட்டுக்குச் சேராது என்பதுதான் அதன் கீர்த்தி. அப்படிப்பட்ட ஊரில் என் கார்க் கதவை எந்தச் சாவியாலும் திறக்கலாம். தேய்ந்த சாவி, தேய்ந்த பூட்டு. பீரோ சாவி சேரும். ஒருதரம் ஐஸ்கிரீம் குச்சி சேர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சீரகச் சம்பா பிரியாணி சாப்பிட்டுவிட்டு, கண் பாதி மூடிய நிலையில் கடையை விட்டு வெளியே வந்தேன். கதவைத் திறந்தேன், உட்கார்ந்தேன். சோக்கை இழுத்து, இரண்டு மிதி மிதித்துச் சாவியைத் திருப்பினேன். முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பிரியாணியின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். பத்தடி போனதும் ஆட்டு வாசம் இல்லாததைக் கவனித்தேன். பிள்ளையார் இருக்க வேண்டிய இடத்தில் சாயிபாபா இருந்தார். வியர்த்துப்போய் வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு வந்தால், என் காருக்குள் ஒரு பெரியவர் உட்கார்ந்து சோக்கை இழுப்பதும் மிதிப்பதுமாகப் போராடிக்கொண்டிருக்கிறார். அவருக்கும் பிரியாணி. அவருடைய சாவியும் என் கதவுக்குச் சேர்ந்திருக்கிறது. "முக்கா மணி நேரமா வாசல்ல நின்ன வண்டிங்க, அதுக்குள்ள என்னவோ ஆயிப்போச்சு" என்று என்னிடமே புகார் சொன்னார். நான் ஒன்றும் சொல்லாமல் உள்ளே கையை விட்டு, செல்ஃப் மோட்டாரை அதற்கு வேண்டிய விதமாக ஒரு வெட்டு வெட்டினேன். கிளம்பிற்று. அந்நியன் எத்தனை மிதித்தாலும் கிளம்பாத வண்டிக்குப் பூட்டு எதற்கு என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டம்மாவுக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஸ்டியரிங்கையும் கிளட்ச் மிதியையும் ஒரு சங்கிலியால் சேர்த்து, பட்டறையில் சொல்லிச் செய்த மாங்காய்ப் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டோம். அரைக் கிலோ கனம். எட்டு மாதம் நன்றாகப் போயிற்று. ஒன்பதாவது மாதம் சாவியைத் தொலைத்தேன். பூட்டுக்காரப் பெரியவரை அழைத்து வந்தேன். பூட்டைக் கையில் ஏந்தி முன்னும் பின்னும் பார்த்தார். தான் பெற்ற பிள்ளையைப் பார்க்கிற பெருமை முகத்தில். "இதைத் திறக்க முடியாதுங்க" என்றார். மாற்றுச் சாவி? "ஒரு பூட்டுக்கு ஒரு சாவிதானே. அதுக்குத்தானே எங்ககிட்ட வர்றீங்க?" பின்னே என்னதான் செய்வது என்று கேட்டேன். ஹேக்சா பிளேடைக் கொடுத்து, "சங்கிலியை அறுத்துக்கங்க. பூட்டுல மட்டும் கீறல் விழாமப் பாத்துக்கங்க" என்றார். பூட்டு இன்றைக்கும் ஸ்டியரிங்கில், மூன்று சங்கிலிக் கண்ணியோடு தொங்குகிறது. வலப்பக்கம் திருப்பினால் முழங்காலில் இடிக்கும்.

எஃப்.சி. 2023-ல் வந்தது. பதினைந்து வருடம் முடிந்த சொந்தக் காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த மத்திய அரசுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆகியிருந்தது. அதற்கு மேல் பசுமை வரி. பழைய வண்டிகளைத் தள்ளிவிடச் சொல்லிக் கொள்கையே வந்துவிட்டது. டெல்லியாக இருந்தால் பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டி ஓடவே கூடாது என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் வண்டி சிறுமலை பார்த்துப் பிறந்த அதிர்ஷ்டம். சேசிஸ் நம்பரின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக் கொடுத்தேன். வந்த ஆய்வாளர் இளைஞர். "எங்கப்பா இதே வண்டி வச்சிருந்தாருங்க" என்று சொல்லிவிட்டு, தானே ஏறி ஒரு சுற்றுப் போனார். ஒரு சுற்று என்று போனவர் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். இறங்கி, முழங்காலைத் தடவிக்கொண்டே பூட்டைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில், "ஆடு வளர்க்கிறீங்களா சார்?" என்றார்.

இந்த வயதில் அதற்கு ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. பெட்ரோலில் நூற்றுக்கு இருபது எத்தனால் கலக்கிறார்கள். 2030-க்கு என்று வைத்திருந்த இலக்கை முன்னுக்கு இழுத்து 2025-லேயே முடித்துவிட்டார்கள். எத்தனால் என்றால் கரும்பிலும் தானியத்திலும் காய்ச்சுகிற அதே சாராயம்தான். இருபத்தேழு வருடம் ஒழுக்கமாக இருந்த வண்டி. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட எத்தனாலில் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. போதாததற்குப் பழைய ரப்பரை ஊறவைத்து இளக்கும், ஈரத்தையும் இழுக்கும். ஒருநாள் காலையில் பானட்டைத் திறந்தால் பெட்ரோல் ஹோஸ் பழைய முறுக்கு மாதிரி நமுத்துப்போயிருந்தது. அண்ணன் எல்லா ஹோஸையும் மாற்றி, கார்புரேட்டரைப் பிரித்து வாஷர் கேஸ்கெட் பூராம் புதுசு போட்டார். செலவு ஆயிரத்துச் சொச்சம். "குடிக்கப் பழகிருச்சுல்ல சார், இனி ஈரலைப் பார்த்துக்கணும்" என்றார். காரில் ஈரல் எது என்று கேட்டேன். பெட்ரோல் ஃபில்டராம்.

வீட்டம்மா ஒரு பச்சை நோட்டில் கார்க் கணக்கு எழுதுகிறார். வாங்கியது 78,000. போன மாதம் வரை செலவு 4,12,650, பெட்ரோல் நீங்கலாக. இந்தத் தொகையை உரக்கப் படிப்பது தீபாவளிக்குத் தீபாவளி எங்கள் வீட்டு வழக்கம். காயலான் கடைக்காரர் ஒருவர் எடை போட்டு விலை கேட்டார். நான்கு டயரும் பேட்டரியும் அந்த வாரம்தான் புதுசு. அவர் கேட்ட விலை அவற்றுக்கே காணாது. நான் முறைத்ததைப் பார்த்து, "பூட்டோட சேர்த்துத்தான் சார் கேட்டேன்" என்றார்.

அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்று ஓர் அறிவியல் வாத்தியார் இருந்தார். 1966-ல் வாங்கிய ஒரே வோல்வோவை 2013-ல் 30 லட்சம் மைல் தாண்ட ஓட்டினார். கின்னஸ் சாதனை. மாயமந்திரம் ஒன்றும் இல்லை. ஆயிலை நேரம் தவறாமல் மாற்றினார், சர்வீஸ் புத்தகத்தில் சொன்னதைச் செய்தார். இந்தக் கதையை வீட்டில் சொன்னேன். "அவரு அந்த மைலுக்குள்ள எத்தனை டீ குடிச்சாராம்?" என்று கேட்டார் வீட்டம்மா. என் வண்டியின் மைல் எனக்கே தெரியாது. ஓடோமீட்டர் 2011-லேயே நின்றுவிட்டது. அதற்கப்புறம் எங்கே போனாலும் கணக்கில் வராத பயணம்தான்.

போன வைகாசியில் மகளும் மருமகனும் சென்னையிலிருந்து புதுக்காரில் கொடைக்கானல் கிளம்பினார்கள். எட்டு மாத வண்டி. பழசில் வரமாட்டோம் என்று என்னையும் கூப்பிடவில்லை. நானும் அழைப்பை எதிர்பார்த்து ஜன்னலருகே உட்கார்ந்திருக்கவில்லை. செம்பட்டி தாண்டியதும் போன் வந்தது. டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்ததாம், வண்டி நின்றுவிட்டதாம். வீட்டம்மாவையும் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அவர் பானட்டைத் திறந்தார். உள்ளே எஞ்சின் இல்லை; எஞ்சின் மேல் கறுப்பாக ஒரு மூடி. ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகம் சுருங்கிப்போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "இதுக்கு லேப்டாப் சொருகணும் சார். பேச மாட்டேங்குது" என்றார். மதுரையிலிருந்து தூக்கிப்போக வண்டி வந்தது. என் வண்டி எங்கே நிற்கும், எதற்காக நிற்கும், நின்றால் என்ன ஊற்ற வேண்டும், அங்கே டீ எப்படி இருக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். மருமகனிடம் இதை எடுத்துச் சொல்லலாம் என்றுதான் வாயெடுத்தேன். அவர் முழங்காலில் அப்போதுதான் பூட்டு இடித்தது. முன்சீட்டில் கோணலாக உட்கார்ந்தால் அப்படித்தான்.

எல்லோரும் அடைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினோம். ஊசி நடுவில் அசையாமல் நின்றது. ரேடியேட்டர் வேலை செய்த பிறகு அந்தப் பக்கம் போவது அன்றைக்குத்தான் முதல் தடவை. போகும்போது இருந்த அவசரத்தில் டீக்கடையைக் கவனிக்கவே இல்லை. புளியமரம் தெரிந்ததும், தூரத்திலேயே வண்டியை அடையாளம் கண்டுகொண்டு தம்பி ஆயில் கேனைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரத்தில் வந்து நின்றான். காலையில் நிற்காமல் போனதையும் பார்த்திருக்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது. நிறுத்தினேன்.

"வண்டிக்கு என்ன சார், நிக்காமப் போறீங்க?" என்றான். ஏதோ சங்கடம் என்றே நினைத்திருக்கிறான்.

பானட்டைத் திறந்தேன். தம்பி துணியைப் போட்டு மூடியைத் தொட்டுப் பார்த்தான். ஆவி இல்லை. திறந்து எட்டிப் பார்த்தான். கூலண்ட் பச்சையாகத் தளும்பிக்கொண்டிருந்தது. கேனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். "நல்ல தண்ணி சார்" என்றான். "உப்புத் தண்ணி ஊத்தக்கூடாதுன்னு போன தடவை சொன்னீங்கள்ல. உங்க வண்டிக்குன்னு தனியாப் பிடிச்சு வச்சிருந்தேன்."

வீட்டம்மா பின்சீட்டிலிருந்து என்னைப் பார்த்தார். நான் கண்ணாடி துடைக்கிற வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றும் டப்பாவைத் தேடிப்பிடித்து, பல வருடமாகத் திறக்காத அதன் மூடியைப் பல்லைக் கடித்துத் திருகி எடுத்தேன்.

"இதுல ஊத்துப்பா" என்றேன். "இதுலதான் ரொம்பக் குறையுது."